நேரம் தப்பி அடித்த மணி

எங்கள் கல்யாண நாளுக்குப் பரிசாக, மாட்டுத் தொழுவத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரும்படி மகள் ஏற்பாடு செய்தாள். செல்போனில் படம் காட்டினாள். கல்சுவர், ஓட்டுக்கூரை, வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய கட்டிடம், சக்லேஷ்புரா பக்கம் மலைமேல் காபித் தோட்டம், அதுவும் சும்மா வேடிக்கைக்கு வைத்ததில்லை, நிஜமாகவே வேலை நடக்கிற தோட்டம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் கேட்டது ஒரே கேள்வி.

"இப்ப அங்க மாடு இருக்குதா?"

"இல்லம்மா. அதெல்லாம் அந்தக் காலத்துல."

"அப்ப மாடே வேணான்னு காலி பண்ண எடத்துக்கு எங்கள அனுப்புற."

என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அது அடங்கும்வரை நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த இருமல் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் சளி என்றார்கள், அப்புறம் டஸ்ட் அலர்ஜி என்றார்கள். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வண்டிகளை ஷிப்ட் பார்த்து அனுப்புகிற வேலை அவருக்கு. நாள் முழுக்கப் புகையிலும் தூசியிலும் நிற்கிறவர் இருமாமல் என்ன செய்வார் என்று நானும் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது வலது நுரையீரலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு நிழல் தெரிகிறது என்றார்கள். ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அது கெட்ட கட்டியா இல்லையா என்று ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும். சனிக்கிழமையும் வரலாம், திங்கட்கிழமையும் ஆகலாம், வந்ததும் டாக்டரே போன் பண்ணுவார் என்று ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். எங்களுக்குத் தொழுவம் புக் ஆகியிருந்ததோ வெள்ளியும் சனியும்.

நான் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். விவேக் நகரில் கோயில் தெருவில் எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. கிறிஸ்துமஸுக்குப் பதினைந்து நாள்கூட இல்லை, பதினோரு கவுன் பாக்கி. அதைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. எனக்குப் பயம். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். கல் தூசி அவருடைய நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டு, கடைசி இரண்டு வருஷம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். நுரையீரல் என்று யாராவது சொன்னாலே எனக்கு அந்தச் சுவரும் அதில் எண்ணெய் படிந்திருந்த தலை அடையாளமும்தான் கண்முன் வரும்.

"வீட்ல உக்காந்தா மட்டும் ரிப்போர்ட் ஓடி வந்துடுமா?" என்றார் அவர். "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ரெண்டு நாள் உக்காந்தேன்னா, இருக்கறது பத்தாதுன்னு எனக்கு இன்னொரு நோவு வந்துடும். கெளம்பு."

ஆம்பூர்க்காரர். எதையும் சிரிப்பாக்கிவிட்டால் அது பாதி குறைந்துவிடும் என்று நம்புகிறவர். டாக்டரும் தாராளமாகப் போகலாம், கனமான வேலை மட்டும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு கவுனை மட்டும் கைத்தையலுக்காகப் பையில் மடித்து வைத்துக்கொண்டு காரில் கிளம்பினேன்.

ஹாசன் தாண்டியதும் சாலை வளைய ஆரம்பித்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. பெரிய இரும்புக் கேட், அதிலிருந்து மண்பாதை, இரண்டு பக்கமும் மர நிழலில் காபிச் செடி. பாதையின் முடிவில் ஆபீஸ், அதன் பின்னால் காபி காயப்போடுகிற சிமெண்டுக் களம். களத்துக்கு எதிர்த்தாற்போல் மேட்டில் அந்தத் தொழுவம்.

குறை கண்டுபிடிக்கத் தயாராகத்தான் உள்ளே போனேன். நீளமான ஒற்றை அறை. ரயில்பாதை வருமுன், காபி மூட்டையை மலையிலிருந்து வண்டி கட்டித்தான் இறக்குவார்களாம். அந்த வண்டிக் காளைகள் நின்ற இடம் இது. சுவர் நெடுகத் தீனி போடுகிற கல்தொட்டி. அதில் ஒரு பகுதியில் குழாய் வைத்து முகம் கழுவுகிற இடமாக்கியிருந்தார்கள். காளைகளைக் கட்டுகிற இரும்பு வளையங்கள் இடுப்பு உயரத்தில் வரிசையாக அப்படியே இருந்தன. ஒன்றில் துண்டு, ஒன்றில் குடை, ஒன்றில் அறைச் சாவி தொங்கின. சுவர்க் கல் எங்கேயும் சொரசொரவென்று இருக்க, தோள் உயரத்தில் மட்டும் ஒரு பட்டை நீளத்துக்கு வழவழவென்று இருந்தது. எத்தனையோ காளைகள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து அப்படி ஆகியிருந்தது. நான் கைவைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னல் திரையின் அடிமடிப்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்ததால், அதைச் சொல்லிக் கொஞ்சம் திட்ட முடிந்தது.

"எந்த மாட்டு எடம் வேணும் உனக்கு? ஜன்னல் பக்கமா, செவுத்துப் பக்கமா?" என்றார் அவர். நான் முறைத்தேன். "ஏசு பாலனே பொறந்தது தொழுவத்துலதான். உனக்கென்ன வந்துச்சு?"

அப்போதுதான் செல்போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. வெளியே வந்தேன், மேட்டில் ஏறினேன், கையை உயரத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் மகள் அங்கே இருந்திருந்தால் அவளைத் தொட்டியில் தள்ளியிருப்பேன்.

தோட்டத்தின் சொந்தக்காரியம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் தொப்பி. கன்னடத்துக்காரர், வேலையாட்களிடம் பழகிப் பழகி வந்த தமிழ்.

"இங்க நெட்வொர்க் இல்ல மேடம். வைஃபை இருக்கு, ஆனா கரண்ட் போனா அதுவும் போச்சு. ஆபீஸ்ல லேண்ட்லைன் இருக்கே. அந்த நம்பர் கொடுங்க, போன் வந்தா ஆள் அனுப்பறேன்."

எதற்கான போன் என்று அவரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லதே வரும் மேடம்" என்றார். லேண்ட்லைனில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு அந்த நம்பரை இரண்டு தடவை எழுதிக்கொள்ளச் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல ஆரம்பித்ததும் அந்தப் பெண்ணே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மணிச் சத்தம் கேட்டு, முழுதாக விழிப்பதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன். ஆபீஸ் முன்னால் பலாமரத்தில் ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ரைட்டர் என்று அங்கே சொல்லப்படுகிற கணக்குப்பிள்ளை, ஏழரை மணிக்கு அதை இரும்புக் கம்பியால் அடித்து ஆட்களைக் கூப்பிடுகிறார். எண்ணி ஆறு அடி. கட்டிலிலிருந்து, "ஷிப்டுக்கு நேரமாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கிண்டலுக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். தங்கவயலில் நாங்கள் சுரங்கச் சங்கின் சத்தத்தில் வளர்ந்தோம். ஷிப்டுக்கு ஒரு சங்கு, ஷிப்டு முடிய ஒரு சங்கு. தொழிலாளர் லைன் வீடுகளில் கடிகாரமே தேவையில்லை. அந்த நேரங்களில் அது ஊதினால் யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டோம். நேரம் தப்பி ஊதினால் மட்டும், அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு லைன் மொத்தமும் ஓடும். எல்லோரும் போய் நிற்கிற இடம் சுரங்க ஆபீஸ் கேட். உள்ளே யாரையும் விட மாட்டார்கள். யாரும் எதையும் சொல்லவும் மாட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு ஏர்பிளாஸ்ட். பூமிக்கடியில் பாறை வெடிப்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் பாத்திரம் எல்லாம் அலமாரியிலிருந்து விழுந்தது, சங்கு விடாமல் ஊதியது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கேட்டில் எத்தனை நேரம் நின்றோம் என்று தெரியாது. கடைசியில் ஒரு ஆள் காகிதத்தோடு வெளியே வந்து மூன்று பெயர்களைக் கூப்பிட்டார். பெயர் கேட்ட மூன்று வீட்டுப் பெண்களும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா பெயர் அதில் இல்லை. பிழைத்தவர்களின் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவர்கள் பாட்டுக்கு நடந்து வருவார்கள். அப்பாவும் தலையெல்லாம் மண்ணோடு நடந்து வந்தார். "இவ்ளோ நேரமா?" என்று அம்மா அவரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே வீடுவரை அழுதாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்த லைனில் பல வீடுகளில் அது இருந்தது. வீட்டு ஆம்பளையைப் பெயர் சொல்லித் தூரத்திலிருந்து சத்தமாகக் கூப்பிடக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கிட்டே போய்ச் சொல்ல வேண்டும். சுரங்கம் மூடி, நாங்கள் எல்லாம் பெங்களூருக்கு வந்து, எனக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகியும் அது என்னை விட்டுப் போகவில்லை. மார்க்கெட்டில் அவர் முன்னால் போய்விட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிப் போய் முதுகைத் தொடுவேன். கட்டுப்பெட்டித்தனம், புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணியிலிருந்து நான் தொழுவத்துப் படியில் உட்கார்ந்து கவுனுக்கு மடிப்புத் தைத்தேன். அங்கிருந்து பார்த்தால் ஆபீஸும் தெரியும், களமும் தெரியும். களம் முழுக்கக் காபி. பழத்தின் தோலை உரித்துக் கழுவிய கொட்டை, வைக்கோல் நிறத்தில் பரப்பியிருந்தார்கள். பத்து நாள்போல வெயிலில் காய வேண்டுமாம். நாலைந்து பெண்கள் மரப்பலகை வைத்த நீளக் கழியால் அதைத் தள்ளித் தள்ளிப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் பார்த்தார், அப்புறம் பேச்சுக் கொடுத்தார், அதற்கப்புறம் ஒரு கழியை வாங்கி அவரும் தள்ள ஆரம்பித்துவிட்டார். வண்டி அனுப்புகிற புத்தி எங்கே போகும்? யார் எந்த வரிசையில் தள்ள வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே இருமினார். நான் ஒவ்வொரு இருமலுக்கும் ஊசியை நிறுத்தினேன்.

பத்துக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை ஆபீஸுக்குப் போய் போன் வந்ததா என்று கேட்டேன். மூன்றாம் தடவை ரைட்டருக்கே பாவமாக இருந்திருக்கும். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆள்.

"நீங்க ஏங்க்கா அலையறீங்க? போன் வந்தா நானே வந்து கூப்புடறேன்."

"கூப்புடாதீங்க தம்பி. கிட்ட வந்து மெதுவா சொல்லுங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். ஆனால் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இதையெல்லாம் எங்கே போய் விளக்குவது?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் மறுபடி களத்துப் பக்கம் போனார். போகும்போது என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். வெயில் மங்கலாக இருந்தது. டிசம்பரில் மழை பெய்யாது என்று காலையில்தான் சொந்தக்காரியம்மா சொல்லியிருந்தார். படியில் சாய்ந்து கொஞ்சம் கண்ணசந்தேன் போல.

மணி அடித்தது.

ஆறு அடியோடு நிற்கவில்லை. அடி மேல் அடி, இடைவெளியே இல்லாமல், கம்பி தண்டவாளத்தைப் பிய்க்கிற மாதிரி. ஆட்கள் கத்துவது கேட்டது. கால் வேகமாக மண்ணில் அடிக்கிற சத்தம் கேட்டது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. கவுனை எங்கே போட்டேன் என்று தெரியாது, செருப்புப் போட்டேனா தெரியாது. ஓடினேன். மேட்டிலிருந்து இறங்கி, ஆபீஸைத் தாண்டி, அந்த மண்பாதை முழுக்க ஓடிப் போய்க் கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேட் பூட்டியிருந்தது. வெளியே வெறும் சாலை. ஒரு நாய் என்னைப் பார்த்துவிட்டுப் போனது. மற்ற பெண்கள் எங்கே, ஏன் இன்னும் யாரும் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மணி நிற்காமல் அடித்தது. காகிதத்தோடு எவன் வருவான், எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். விரலில் தையலுக்குப் போட்ட இரும்பு விரலுறை அப்படியே இருந்தது, அது கம்பியில் பட்டுக் கடகடவென்று ஆடியது.

கூடையோடு ஒரு பெண் செடிகளுக்கு நடுவிலிருந்து வெளிப்பட்டு, எனக்கு எதிர்த் திசையில் ஓடினாள். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள்.

"என்னாக்கா இங்க நிக்கிறீங்க? களத்துக்கு ஓடியாங்க. மழ வருது, காப்பி நனையுது."

அவள் சொன்ன பிறகுதான் என் தலையில் விழுந்துகொண்டிருந்தது மழை என்று உணர்ந்தேன். எனக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, இன்னொரு பக்கம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் பின்னாலேயே ஓடினேன்.

களத்தில் முப்பது, நாற்பது பேர் இருந்தார்கள். செடியில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள், சமையல்காரர், சொந்தக்காரியம்மா, எல்லோரும். ஒரு பக்கம் காபியைக் குவித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் முட்டி போட்டுக்கொண்டு, தார்ப்பாயின் ஒரு மூலையைப் பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். கனமான வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர்.

"எந்திரிங்க. அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கிட்டே போய்க் கத்தினேன்.

"அப்பறமா திட்டு. அந்த முனையப் புடி."

பிடித்தேன். வேறென்ன செய்வது? ஒரு தடவை நன்றாக நனைந்துவிட்டால் கொட்டையில் பூஞ்சை வாடை ஏறிவிடும், அதற்கப்புறம் அது காபியே இல்லை என்று அவர் காலையிலேயே கற்றுக்கொண்டு வந்து எனக்குப் பாடம் எடுத்திருந்தார். காற்று தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. பெண்கள் சும்மா கல்லை மேலே வைத்தார்கள், கல்லோடு பாய் நகர்ந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓரத்தை இரண்டு மடிப்பாக உள்பக்கம் மடித்து, மடிப்புக்குள் கல்லை வைத்து, மேலே இன்னொரு கல் வைத்தேன். கவுனுக்கு அடிமடிப்பு வைக்கிற அதே மடிப்புதான். அடுத்தவளும் அப்படியே மடித்தாள். மடித்துக்கொண்டே களத்தைச் சுற்றி வந்தோம். நாங்கள் சுற்றி முடித்தபோது மழை ஊற்றியது.

எல்லோரும் பக்கத்துக் குடோனுக்குள் ஓடி நின்றோம். கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. சமையல்காரர் பெரிய கூஜாவில் வெல்லக்காபி கொண்டுவந்து ஊற்றினார். சொந்தக்காரியம்மா தொப்பியைப் பிழிந்துகொண்டே, ஓரத்தில் கொஞ்சம்தான் நனைந்தது, மிச்சம் தப்பித்தது என்று கன்னடத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் எல்லோருக்கும் சொன்னார். வருஷம் முழுக்கப் பாடுபட்டது அந்தக் களத்தில்தான் கிடந்தது. என்னைப் பார்த்து, "மடிப்பு சூப்பர் மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

"அது சரி, கேட்டாண்ட எதுக்கு நின்ன?" என்று என் வீட்டுக்காரர் என் காதருகே கேட்டார். நான் கேட் பக்கமிருந்து ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறார்.

அவருக்குத் தங்கவயல் கதை தெரியும். ஏர்பிளாஸ்ட் தெரியும், மூன்று பெயர்கள் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. என் கையிலிருந்த விரலுறையைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்போது குடோன் வாசலில் ரைட்டர் வந்து நின்றார். தலைமேல் சாக்குப்பை. மழைச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையையும் வாயருகே வைத்து, என் வீட்டுக்காரர் பெயரை முழுசாக, தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூவினார்.

குடோனே திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் இருந்த மூட்டைமேல் உட்கார்ந்தேன். தங்கவயலில் பெயர் கேட்ட அந்தப் பெண்கள் எப்படி உட்கார்ந்தார்களோ அப்படியே உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரிந்தது.

"ஆஸ்பத்திரிலருந்து போன் சார். டாக்டர் லைன்லயே இருக்காரு" என்றார் ரைட்டர்.

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மழையில் நடந்தார். ஓடவில்லை. நான் எப்படியோ எழுந்து பின்னால் போனேன். ஆபீஸ் படிவரைக்கும்தான் போக முடிந்தது. படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்திருந்தது, அவருடைய முதுகு தெரிந்தது, ஈரச் சட்டை உடம்பில் ஒட்டியிருந்தது. அவர் பேசியது மட்டும் கேட்டது.

"ஆமாங்க... ம்... ம்... சரிங்க டாக்டர்... இல்லைங்க, எனக்கு ஞாபகமே இல்லைங்க... ம்... ஆறு மாசம் கழிச்சா... சரிங்க."

ஆறு மாசம் என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். ஆறு மாசம்தான் கெடுவா? அது முடிந்தால் என்ன? பெங்களூருக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஆறு மாசத்தை எப்படி எண்ணுவது என்றுகூட நினைத்தேன். அம்மா நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தேன். வாய்க்குள் ஜெபம்கூட வரவில்லை.

அவர் போனை வைத்தார். திரும்பினார். நடந்து வெளியே வந்தார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

"தழும்பாம்" என்றார்.

"என்ன தழும்பு?"

"உள்ள இருக்கறது பழைய தழும்பாம். எப்பவோ டிபி மாதிரி ஒண்ணு வந்து, தன்னாலயே ஆறிப்போயி, காஞ்சு கெடக்குதாம். கெட்ட கட்டி இல்லைன்னு ரிப்போர்ட்ல தெளிவா இருக்குதாம். இருமலு தொண்ட அலர்ஜியாம், மாத்தர தர்றாரு. ஆறு மாசம் கழிச்சு ஒருவாட்டி ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்னு சொல்றாரு. அவ்ளோதான்."

"அத சொல்றதுக்கு இவ்ளோ நேரமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். என்னால் நிறுத்தவே முடியவில்லை. வரிசையாக எல்லாவற்றுக்கும் திட்டினேன். தார்ப்பாய் இழுத்ததற்கு, டாக்டரிடம் ம், ம் என்றே பேசியதற்கு, மழையில் துண்டு இல்லாமல் நின்றதற்கு. அவர் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். ரைட்டர் பயந்துபோய், "என்னாச்சுக்கா, கெட்ட சேதியா?" என்றார். "நல்ல சேதிதான் தம்பி, எங்க வீட்ல இப்படித்தான்" என்று அவர் சொன்னார்.

அன்று அந்தத் தொழுவத்தில் நான் தூங்கிய தூக்கத்தை இரண்டு மாதமாகத் தூங்கவில்லை. அங்கே நின்ற காளைகள்கூட மூட்டை இறக்கிவிட்டு வந்து அப்படித் தூங்கியிருக்காது. காலை மணி அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தார்ப்பாயை எடுத்துவிட்டுக் காபியை மறுபடி பரப்பியிருந்தார்கள். நான் குளித்து, மண் அப்பிக் கிடந்த கவுனைத் தொட்டியில் அலசி இரும்பு வளையத்தில் காயப்போட்டு எடுத்து, பைகளைக் கட்டி, மேட்டில் நின்ற கார் அருகே கொண்டுவந்து வைத்தேன். அவரைக் காணவில்லை. பார்த்தால் களத்தின் அந்தக் கோடியில் கழியோடு காபி தள்ளிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். போய்த் தொட்டுக் கூப்பிட வேண்டுமென்றால் களத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டடி எடுத்து வைத்தேன். நின்றேன்.

தொழுவத்து மேட்டில் நின்றபடியே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் குரல் பாதியில் நின்றது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. களத்துப் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் கழியைப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. கெளம்பலாம்னு கூப்பிட்டேன்."

"பேரு சொல்லியா?"

"ஆமா."

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மூச்சு வாங்கியது, ஆனால் இருமவில்லை.

"இன்னொருவாட்டி கூப்புடு" என்றார்.

"வண்டியில ஏறுங்க. பதினோரு கவுனு பாக்கி இருக்குது" என்றேன்.